சந்தையில முகம் எடுக்கறப்போ கண்ணு ஏன் கறுத்துப் போகுது, ஆளு ஏன் விறைச்சுப் போறாரு?

பாலக்கோட்டுல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. கேள்வியை அப்படியே படிச்சுடறேன். “ஞாயித்துக்கிழமை போச்சம்பள்ளி சந்தை, லீவு கிடைச்சா ஒகேனக்கல்னு சுத்தி ஆளுங்களைப் போட்டோ எடுக்கறேன். 50 எம்எம் லென்ஸ் இருக்கு, சில நேரம் போன்லயும் எடுப்பேன். நேர்ல பாக்கறப்போ அவ்வளவு களையா இருக்கற முகம், படத்துல கண்ணு ரெண்டும் பள்ளமா கறுத்துக் கிடக்குது. ஆளுங்களும் ரேஷன் கார்டு போட்டோவுக்கு நிக்கற மாதிரி விறைச்சுடறாங்க. என்ன பண்றது?”

முதல்ல கண்ணு விஷயம். நல்ல முகத்தைப் பாத்ததும் அவரு எங்க நிக்கறாரோ அங்கயே வச்சு எடுத்துடறீங்க. அதுதான் கோளாறு. சந்தைக்குள்ள போனதும் ஆளைத் தேடாதீங்க, இடத்தைத் தேடுங்க. வெளிச்சம் சரியா விழற இடம் நாலு கண்டுபிடிச்சு மனசுல வச்சுக்கங்க. அப்புறம் அந்த இடத்துல யாரு உக்காந்திருக்காங்க, யாரு வந்து நிக்கறாங்கன்னு பாருங்க.

தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் 12 டிகிரி வடக்கு அட்சம் வாக்குல இருக்கு. ஏப்ரல் 23 ஒட்டியும் ஆகஸ்ட் 20 ஒட்டியும் உச்சி வெயில் நேரா மண்டைக்கு மேலயே வந்துடும். மத்த மாசத்துலயும் காலையில 9 மணி தாண்டிட்டா வெளிச்சம் மேல இருந்துதான் இறங்குது. புருவ எலும்பு கண்ணுக்குக் கூரை மாதிரி, அந்த நிழல்தான் உங்க படத்துல பள்ளமாத் தெரியுது. தலையில துண்டு கட்டியிருந்தா நிழல் இன்னும் கீழ இறங்கும். துண்டை அவுக்கச் சொல்லாதீங்க, அது அவரோட அடையாளம். வெளிச்சம் பக்கவாட்டுல இருந்து வர்ற இடமாப் பாத்தா போதும்.

எந்த இடம்னு தெரிஞ்சுக்க ஒரு சோதனை இருக்கு. கையை முஷ்டியா மடக்கி, முகம் இருக்கற உயரத்துக்கு நீட்டிக்கங்க. அப்படியே மெதுவா ஒரு சுத்து திரும்புங்க. விரல் மடிப்புக்குள்ள நிழல் கன்னங்கரேல்னு விழுந்தா, அங்க நிக்கற ஆளோட கண்ணும் அப்படித்தான் ஆகும். மடிப்பெல்லாம் மெதுவா, புகை மாதிரி ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் மங்கிட்டுப் போகுதுன்னா, அதுதான் உங்க இடம்.

சந்தையில அப்படி இடம் பெரும்பாலும் தார்ப்பாய் நிழலோட விளிம்புல கிடைக்கும். நடுவுல இல்ல, விளிம்புல. வெயில் கோட்டுல இருந்து ஒரு அடி, ரெண்டு அடி உள்ள தள்ளி ஆள் இருக்கணும், முகம் வெளிப்பக்கம் பாக்கணும். வெளிய இருக்கற வானமும் வெயில் பட்ட மண்தரையும் சேர்ந்து முகத்துக்கு நேரா வெளிச்சத்தை அனுப்பும். கண்ணுக்குள்ள ஒரு வெளிச்சப் புள்ளி வந்து உக்காரும், அந்தப் புள்ளி வந்தாத்தான் முகத்துக்கு உயிர். ஆள் நாலஞ்சு அடி உள்ள போயிட்டா அந்தப் புள்ளி காணாமப் போயிடும்.

இங்க ஒரு ஆபத்து இருக்கு. நம்ம சந்தையில தார்ப்பாய் பாதிக்குப் பாதி நீலம். அதுக்குள்ள வர்ற வெளிச்சமும் நீலம். நெத்தியும் மூக்குத் தண்டும் நீலமா, கன்னம் மட்டும் இயல்பான நிறமா வரும். நிறத்தைக் கேமராவே தானா சரி பண்ற ஆட்டோ ஒயிட் பேலன்ஸால இதைச் சரி பண்ண முடியாது, ஏன்னா ஒரே முகத்துல ரெண்டு நிற வெளிச்சம். நீலத்தைக் குறைச்சா கன்னம் மஞ்சக்காமாலை வந்த மாதிரி ஆயிடும். மஞ்சத் தார்ப்பாய்க்கும் இதே கதைதான். கூடுமானவரைக்கும் சாக்கு, ஓலை, கல்நார் ஓடு போட்ட நிழலாப் பாருங்க. இல்லேன்னா மரத்தடி. மரத்தடியில இலை இடுக்கு வழியா வெயில் பொட்டுப் பொட்டா முகத்துல விழுதான்னு மட்டும் பாத்துக்கங்க, ஒரு பொட்டு விழுந்தாலும் அந்த இடம் வெள்ளையா எரிஞ்சு போகும். நீலத் தார்ப்பாய்தான் கதின்னா, கறுப்பு வெள்ளையா மாத்திடுங்க, குத்தமே தெரியாது.

அடுத்த நல்ல இடம் வாசல். மாங்கா சீசன்ல கிருஷ்ணகிரி மண்டிங்க பக்கம் போங்க. ஷட்டர் தூக்கின குடோன் வாசல் ஸ்டுடியோவுக்குச் சமம். ஆள் வாசப்படிக்கு ஒரு எட்டு உள்ள, நீங்க வெளிய. பின்னாடி இருட்டு, முன்னாடி மொத்தத் தெருவோட வெளிச்சம். ஆனா கேமரா அந்த இருட்டைப் பாத்து ஏமாந்து, மொத்தப் படத்தையும் வெளுப்பாக்கிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்துல விழற வெளிச்ச அளவை, மைனஸ் 1 வரைக்கும் இறக்குங்க. பக்கத்துல மாம்பழக் குவியல் இருந்தா தாடைக்குக் கீழ லேசா ஒரு மஞ்ச வெளிச்சம் ஏறும். அதை அழிக்காதீங்க, அந்த இடத்தோட நிறம் அது. தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியிலயும் இப்படித்தான்: வெள்ளைக் கூட்டைக் குவிச்சு வச்சுக் குனிஞ்சு பாக்கறாங்கல்ல, அந்தக் குவியலே கீழ இருந்து வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், கண் பள்ளம் தானா நிரம்பிடும். அது அரசு இடம், ஏலம் நடக்கற இடம், அதனால ஆபீஸ்ல முதல்ல கேட்டுட்டு எடுங்க.

எக்ஸ்போஷரைப் பத்தி இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லணும், நம்மாளுங்க நிறத்தைக் கெடுக்கறது இதுதான். கேமராவுக்கு எல்லாமே நடுத்தரச் சாம்பல்தான். கறுத்த முகம் ஃப்ரேமை நிரப்பிட்டா, “இருட்டா இருக்கு”ன்னு நெனச்சு வெளுப்பாக்கும். தோல் சாம்பல் பூசின மாதிரி ஆயிடும். அப்போ மைனஸ் 0.3ல இருந்து 0.7 வரைக்கும் இறக்குங்க. அதே ஆள் வெள்ளை வேட்டி சட்டையில, பின்னாடி வானம் தெரிய நின்னா நேர் எதிரா நடக்கும், முகம் கரியா வரும், அப்போ பிளஸ் 0.7, பிளஸ் 1. போன்லன்னா முகத்து மேல விரலை வச்சு அழுத்திப் பிடிச்சு லாக் பண்ணிட்டு, சூரியன் குறியைக் கீழ இழுங்க. பியூட்டி மோடை ஆஃப் பண்ணிடுங்க. அறுபது வருஷ வெயில் போட்ட சுருக்கத்தை இஸ்திரி போட்டுட்டா அப்புறம் எதுக்கு அந்தப் படம்?

லென்ஸுக்கு வருவோம். 50 எம்எம் நல்ல லென்ஸ். எஃப் எண்ணுங்கறது லென்ஸ் திறப்போட அளவு, எண் சின்னதா இருந்தா திறப்பு பெருசு. ஆனா எஃப் 1.8லயே வச்சு ஒரு மீட்டர் தூரத்துல எடுத்தா, ஃபுல் ஃப்ரேம்ல (பெரிய சென்சார் கேமராவுல) தெளிவா விழற ஆழம் சுமார் 4 சென்டிமீட்டர்தான். ஒரு கண்ணு தெளிவு, இன்னொரு கண்ணும் காதும் கலங்கல். எஃப் 2.8க்கு வந்தா 6, 7 சென்டிமீட்டர், எஃப் 4ன்னா 9 சென்டிமீட்டருக்கு மேல. சந்தையில எஃப் 2.8க்கும் 4க்கும் நடுவுல இருங்க. பின்னாடி இருக்கற சாக்கு மூட்டையும் தராசும் கொஞ்சம் அடையாளம் தெரியறதுதான் நல்லது, எந்த ஊருன்னே தெரியாம எல்லாத்தையும் கரைச்சுட்டா அந்த முகத்தைச் சேலத்துலயும் எடுத்திருக்கலாம். ஷட்டர் வேகம் நொடியில 1/250, கை வேலை செய்யறவங்கன்னா 1/500. ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணர்ற அளவை, ஆட்டோல விட்டு 3200க்கு மேல போகாம கட்டிப் போடுங்க. ஃபோகஸ் உங்க பக்கம் இருக்கற கண்ணுல. பழைய கேமராவுல நடுப்புள்ளியில ஃபோகஸ் பிடிச்சுட்டு கேமராவைச் சாய்க்கற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, அந்தச் சாய்ப்புலயே 4 சென்டிமீட்டர் தவறிடும்.

போன்ல எடுக்கறவங்க பண்ற பெரிய தப்பு, கிட்டக்கப் போறது. மெயின் கேமரா அகல லென்ஸ், 24, 26 எம்எம்முக்குச் சமம். ஒண்ணரை அடியில நீட்டினா மூக்கு பெருத்து, காது பின்னாடி ஓடிடும். 2எக்ஸ் போட்டு ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் தள்ளி நில்லுங்க. பின்னணியை மங்கலாக்கற போர்ட்ரெய்ட் மோடு மல்லிப்பூ ஓரத்தையும் கலைஞ்ச முடியையும் கண்ணாடிக் காம்பையும் கடிச்சுத் துப்பிடும். அதுல எஃப் எண்ணை 4, 5.6 அளவுக்கு ஏத்தி வச்சா வெட்டுக் காயம் தெரியாது.

உயரம் ரொம்ப முக்கியம். புளி, கொள்ளு, மொச்சை வச்சு விக்கறவங்க எல்லாம் தரையில உக்காந்திருக்காங்க. நின்னுக்கிட்டு எடுத்தா நெத்தி பெருசாகி, உடம்பு குறுகி, மேல பாத்து ஏதோ இரந்து கேக்கற மாதிரி ஆயிடும். உக்காருங்க. லென்ஸ் அவங்க கண்ணு மட்டத்துக்கு வரணும். உக்காந்தா வாங்க வர்றவங்களுக்கு நீங்க மறைப்பாவும் இருக்க மாட்டீங்க. தலைக்குப் பின்னாடி பந்தல் கம்பு முளைச்சிருக்கா, ஃப்ளெக்ஸ் பேனர்ல வேற யாராவது சிரிக்கறாங்களான்னு பாத்து அரை எட்டு நகந்துக்கங்க.

இப்போ விறைப்பு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணினா யாரா இருந்தாலும் விறைப்பாங்க. முதல்ல கேளுங்க: “அண்ணா, உங்களை ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா?” பெரியவங்கன்னா தாத்தா, ஆயா. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசறவங்க நெறைய. தெலுங்கு பேசறவங்கன்னா “போட்டோ தீஸ்கோவச்சா அண்ணா”ன்னு அவங்க பேச்சுல ஒரு வரி கேட்டாலே முகம் மாறிடும். யாவாரம் நடக்கறப்போ கேக்காதீங்க, எடை போட்டுக் காசு வாங்கி முடிக்கட்டும். வேண்டாம்னா சரிங்கன்னு நகந்துடுங்க, தூரத்துல போய் ஜூம்ல திருடாதீங்க. குழந்தைன்னா பெத்தவங்களைக் கேக்கணும். ஒகேனக்கல்ல குளிக்கறவங்க பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது.

சரின்னு சொன்னதும் அவங்க எப்படி நிக்கறாங்களோ அப்படியே முதல் படத்தை எடுங்க, விறைப்பா இருந்தாலும். அது அவங்க படம். திரையைத் திருப்பிக் காட்டுங்க. அப்புறம், “நீங்க வேலையைப் பாருங்க, இன்னும் ரெண்டு எடுத்துக்கறேன்”னு சொல்லிட்டு அவங்களுக்குத் தெரிஞ்ச விஷயத்தைக் கேளுங்க. “இது எந்தப் பக்கத்துப் புளி? கொட்டை எடுத்ததா?” பதில் சொல்றப்போ முகம் திறக்கும். பேச்சு நடுவுல அமுக்கினா வாய் கோணலா வரும். வாக்கியம் முடிஞ்சு உதடு மூடுற அந்த நொடி இருக்கு பாருங்க, கண்ணுல பேச்சு இன்னும் மிச்சம் இருக்கும், அங்க மூணு நாலு ஷாட் வரிசையா அமுக்குங்க. இமை மூடினது ஒண்ணு ரெண்டு போனாலும் ஒண்ணு நிக்கும். கைக்கு வேலை இருந்தா தோள்பட்டை தானா இறங்கிடும், அதனால படியோ தராசோ வெத்தலையோ கையில இருக்கட்டும். கையையும் சேத்து எடுத்தா மணிக்கட்டுல வெட்டாதீங்க, முழுசா வரட்டும்.

ஒகேனக்கல்ல பரிசல்காரங்களைத் தண்ணிக்குள்ள வச்சு எடுக்கறதை விட கரையில எடுங்க. பரிசலைக் கவுத்துத் தலை மேல தூக்கிட்டு நடப்பாங்க. தார் பூசின அடிப்பக்கம் மேல, மூங்கில் பின்னல் உள்பக்கம். அதுவே ஒரு வட்டக் கூரை. காலையில 8 மணிக்குள்ள சூரியன் தாழ இருக்கறப்போ வெளிச்சம் கூரைக்குக் கீழ நுழைஞ்சு நேரா முகத்துல படும், சுத்தி இருட்டா ஒரு வட்டம் தானா அமையும். பாரம் தூக்கிட்டிருக்கறவரை நிறுத்தி வைக்காதீங்க, நீங்க முன்னாடியே போய்த் தயாரா நில்லுங்க. அருவிச் சாரல் லென்ஸ்ல படிஞ்சா முகம் பனி மூடின மாதிரி ஆகும், மைக்ரோஃபைபர் துணி ரெண்டு வச்சுக்கங்க, ஒண்ணு நனைஞ்சுடும்.

ராத்திரி தெருக்கூத்து பத்திச் சுருக்கமாச் சொல்லிடறேன். வாத்தியார் கிட்ட அனுமதி வாங்கிட்டு ஒப்பனைக் கொட்டகையில எடுங்க. ஃப்ளாஷ் வேண்டாம், அரிதாரம் பளபளன்னு எண்ணெயா அடிக்கும், கிரீடத்துக் கண்ணாடித் துண்டெல்லாம் வெள்ளைப் பொட்டாகும். எஃப் 2, ஐஎஸ்ஓ 1600ல இருந்து 3200. எல்ஈடி விளக்குன்னா ஷட்டரை 1/100ல வைங்க. நம்ம கரன்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும், 1/500ல போனா படத்துல பட்டை பட்டையா கோடு விழும். முடிஞ்சா விடியற வரைக்கும் இருங்க. ராத்திரி முழுக்க ஆடின முகத்துல, வேர்வையில கலைஞ்ச அரிதாரத்து மேல நீலமா முதல் வெளிச்சம் விழறப்போ கிடைக்கற படம் கொட்டகைக்குள்ள கிடைக்காது.

எடிட்டிங்ல, விவரத்தைத் தூக்கிக் காட்டற ஸ்ட்ரக்சர், எச்டிஆர் இதையெல்லாம் முகத்துல ஏத்தாதீங்க, சுருக்கம் எல்லாம் சேறு மாதிரி ஆகும். ஹைலைட்டை, அதாவது ரொம்ப வெளிச்சமான பகுதியை, கொஞ்சம் இறக்கி, ஒயிட் பேலன்ஸை அதே வெளிச்சத்துல இருக்கற வேட்டியைத் தொட்டுச் சரி பண்ணினா போதும்.

எடுத்ததும் பேரும் ஊரும் கேட்டுக் குறிச்சுக்கங்க. போட்டோகிராபர் ஸ்டீவ் மெக்கரி 1984ல பாகிஸ்தான் அகதி முகாம்ல எடுத்த ஆப்கான் சிறுமி படம் உலகமே பாத்தது, ஆனா அந்தப் பொண்ணு பேரு ஷர்பத் குலான்னு தெரிஞ்சது 2002லதான். நமக்கு அந்தக் கஷ்டம் இல்ல. வாரச் சந்தையில கடை போடறவங்க பெரும்பாலும் அதே இடத்துலதான் அடுத்த வாரமும் உக்காருவாங்க. 4க்கு 6 பிரிண்ட் ஒண்ணு போட்டு, அடுத்த ஞாயித்துக்கிழமை கையில கொண்டுபோய்க் கொடுங்க. வெளியூர்ல இருந்து வந்திருந்தா, அவங்க வீட்டுப் பிள்ளைங்க வாட்ஸ்அப் நம்பரைக் கேட்டு அங்கயே நின்னு அனுப்பிட்டு வந்துடுங்க, ஊருக்குப் போய் அனுப்பறேன்னா மறந்துடும். பிரிண்டைக் கையில வாங்கினவங்க, பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு, “இவரையும் எடு தம்பி”ம்பாங்க. அப்போ எண்ணவும் வேண்டாம், விறைப்பும் இருக்காது.