வாளில் ஒரு பெயர்

நண்பர்களே, கிரீஸில் தெசலோனிக்கி நகரத்துப் புனித டிமெட்ரியோஸ் ஆலயத்தில் 7-ஆம் நூற்றாண்டு மொசைக் ஓவியங்கள், அதாவது சிறு கல், கண்ணாடித் துண்டுகளைப் பதித்துச் செய்த படங்கள், இருக்கின்றன. போர்வீரர்களின் காவலர் என்று பின்னாளில் கொண்டாடப்பட்ட டிமெட்ரியோஸ் அவற்றில் கவசமோ வாளோ இல்லாமல், அரசவைக்குப் போகிறவர் மாதிரி நீண்ட மேலங்கியோடு நிற்கிறார்.

சரி, படங்களில் இப்படிப்பட்ட போர்ப் புனிதர்களின் கைக்கு ஆயுதம் எப்போது வந்தது? பெரும்பாலும் 10, 11-ஆம் நூற்றாண்டுகளில். பைசாந்தியப் பேரரசு, அதாவது கிழக்கு ரோமானியப் பேரரசு, ஓயாமல் போரிட்ட காலம் அது. 971-இல் டான்யூப் கரையிலுள்ள டோரோஸ்டோலோனில், கீவிலிருந்து வந்த ரூஸ் படையை எதிர்த்தபோது, வெள்ளைக் குதிரையில் இன்னொரு போர்ப் புனிதரான தியோடோர் வந்து துணைநின்றார் என்று பேரரசர் ஜான் சிமிஸ்கெஸின் ஆட்கள் நம்பினார்கள். அப்படி வந்தவரை வெறுங்கையோடு வரைய மனம் வருமா?

இந்தப் புனிதர்களுக்கு வரைந்த கவசங்களில் பழைய சாயல் நிறையவே உண்டு. தோளிலும் இடுப்பிலும் தொங்கும் தோல் பட்டைகள் ரோமானியச் சிலைகளிலிருந்து வந்தவை. இதை வைத்து, ஓவியர்கள் பழைய படங்களைப் பார்த்துத்தான் வரைந்தார்கள் என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை.

கிரீஸிலேயே உள்ள ஓசியோஸ் லூகாஸ் மடத்துக்கு வாருங்கள். அங்கே பைபிளில் வரும் படைத்தலைவர் யோசுவாவின் சுவரோவியம் ஒன்று பளிங்குப் பலகைக்குப் பின்னால் நெடுங்காலம் மறைந்திருந்தது. எரிகோ நகரத்துக்கு வெளியே தேவதூதர் மிக்கேலைச் சந்திக்கும் யோசுவா. மார்பில் சின்னச் சின்னத் தகடுகளை வரிசை வரிசையாகக் கோத்த கவசம். தலைக்கவசத்தைச் சுற்றித் துணி. பழைய சிலையைப் பார்த்து வரைந்தவருக்கு அந்தத் துணி எங்கிருந்து கிடைத்திருக்கும்? தன் காலத்துப் படைவீரனைப் பக்கத்தில் நின்று பார்த்த கண் அது. கேடயமும் அப்படித்தான்: வட்டக் கேடயத்தோடு, குதிரைவீரனின் காலையும் மறைக்கும் கூம்பிய நீள் கேடயம் 11-ஆம் நூற்றாண்டிலிருந்து படங்களில் வருகிறது.

ஆனால் போர்ப் புனிதர்களில் பெரும்பாலோர் தலைக்கவசம் அணிவதில்லை. முகத்தைப் பார்த்துத்தானே மக்கள் கும்பிட வேண்டும்? சுருள்முடியும் மீசை முளைக்காத முகமும் இருந்தால் ஜார்ஜ். தாடியை வைத்துத் தியோடோர்.

அப்புறம் வடக்கு மாசிடோனியாவிலுள்ள ஓக்ரிட் நகரம். அங்குள்ள பெரிபிளெப்டோஸ் ஆலயத்தை 1295 வாக்கில் மிக்கேல், யூட்டிகியோஸ் என்ற ஓவியர்கள் வரைந்து முடித்தார்கள். அங்கே இன்னொரு போர்ப் புனிதரான மெர்க்குரியோஸ் கையிலுள்ள வாளை உற்றுப் பாருங்கள். அதில் சின்ன எழுத்தில் இருப்பது ஓவியர் மிக்கேலின் பெயர்.