போலந்துல இருக்கற கிராக்கோவ்ல பார்க்கறதெல்லாம் அசல்தானா? ரெண்டு நாள்ல எதைப் பார்க்கலாம்?

அடுத்த கேள்வி. தம்பி ஒருத்தர் அனுப்பியிருக்கார், அப்படியே வாசிச்சிடறேன். "அண்ணா, வார்சாவோட பழைய நகரம் போருக்கு அப்புறம் திரும்பக் கட்டினதுன்னு போன வீடியோவில சொன்னீங்க. கிராக்கோவும் அப்படித்தானா? மே மாசம் அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன். ரெண்டு நாள்தான் இருக்கு, அம்மாவுக்கு முட்டி வலி வேற. எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?"

இல்ல தம்பி, கிராக்கோவ் கதை வேற. ரெண்டாம் உலகப் போர்ல, 1944-ல வார்சா ஜனங்க நாஜிகளை எதிர்த்து எழுந்தாங்க; அந்த எழுச்சிக்கு அப்புறம் ஊரை ஜெர்மன்காரங்க வீடு வீடா வெடி வச்சுத் தகர்த்தாங்க. கிராக்கோவ்ல அவங்களே குடியிருந்தாங்க. ஹான்ஸ் ஃப்ராங்க்னு ஒரு நாஜி கவர்னர், போலந்து ராஜாக்கள் இருந்த வாவெல் கோட்டையில போய் உட்கார்ந்துக்கிட்டார். 1945 ஜனவரியில சோவியத் படை வந்தப்போ ஊர் சீக்கிரமே கைமாறிடுச்சு. அதனால கட்டடம் தப்பிச்சது. தப்பிச்சதுன்னு சொன்னாலும் எல்லாம் ஒரே காலத்துல கட்டினது இல்ல. அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் பார்த்தா ரெண்டு மடங்கு சுவாரசியம்.

முதல்ல பெரிய சதுக்கத்துக்குப் போங்க. ரினெக்னு சொல்வாங்க. பக்கத்துக்கு 200 மீட்டர் இருக்கும், அவ்வளவு பெருசு. 1241-ல மங்கோலியர் படை வந்து ஊரைச் சூறையாடிட்டுப் போச்சு. அப்புறம் 1257-ல புது நகர சாசனம் எழுதி, தெருக்களைக் கட்டம் போட்டு அளந்தாங்க. அந்த அளவுதான் இன்னிக்கும் இருக்கு. என்னைக் கேட்டா அந்த ஊர்ல பெரிய அசல் அந்த வெத்து இடம்தான். சுத்தி இருக்கற கட்டடமெல்லாம் மாறிக்கிட்டே வந்திருக்கு. நடுவுல நீளமா நிக்கற துணி வணிகக் கூடம் இருக்கே, சுகியென்னித்சே, அது 1555 தீ விபத்துக்கு அப்புறம் மறுமலர்ச்சிப் பாணியில எழுப்பினது. போட்டோ எடுக்கறோமே அந்த வெளிப்பக்க வளைவு வரிசை, அது 1870-கள்ல சேர்த்தது. பக்கத்துல ஒத்தையா நிக்கற கோபுரம், பழைய நகர மன்றத்தோடது. மன்றத்தை 1820-ல இடிச்சுட்டாங்க, கோபுரத்தை மட்டும் விட்டு வச்சாங்க. லேசா சாஞ்சிருக்கும், உத்துப் பாருங்க.

கோட்டைச் சுவரும் அப்படித்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டுல இடிச்சுட்டு, அந்த இடத்துல ஊரைச் சுத்தி மரம் நட்டுப் பூங்கா போட்டாங்க. பிளாந்தின்னு பேரு. வடக்குப் பக்கம் மட்டும் ஃப்ளோரியன் வாசலும், அதுக்கு முன்னாடி பார்பிகன்னு ஒரு வட்டக் கொத்தளமும் தப்பிச்சது. எப்படித் தப்பிச்சதுன்னு கேட்டா சிரிப்பீங்க. ஃபெலிக்ஸ் ராத்வான்ஸ்கின்னு ஒரு பேராசிரியர், இதை இடிச்சா வாடைக்காத்து நேரா ஊருக்குள்ள வந்து ஜனங்களுக்கு வியாதி வரும்னு வாதாடினாராம். வரலாற்றுச் சின்னம்னு சொல்லியிருந்தா எடுபட்டிருக்குமோ என்னமோ!

இப்போ மரியாள் பேராலயம். ஒண்ணு உயரம், ஒண்ணு குட்டைன்னு ரெண்டு கோபுரம். உயரமானதுலேருந்து மணிக்கொரு தடவை ஒருத்தர் எக்காளம் ஊதுவார், நாலு திசைக்கும். பாட்டு பாதியில டக்குனு நின்னுடும். 1241-ல மங்கோலியர் வர்றதைப் பார்த்து ஊதின காவலன் தொண்டையில அம்பு பாய்ஞ்சது, அதான் பாதியில நிக்குதுன்னு எல்லா கைடும் சொல்வாங்க. அழகான கதை. ஆனா இப்போ நிக்கற ஆலயம் பதினாலாம் நூற்றாண்டுல எழும்பினது, அந்தப் படையெடுப்புக்குப் பின்னாடி. அம்புக் கதை உலகம் பூரா பரவினது 1928-ல ஒரு அமெரிக்கர் எழுதின சிறுவர் நாவலாலதான். ஊதறது மட்டும் நிஜம்! தீயணைப்பு வீரர்கள் முறை வச்சு மேல இருப்பாங்க. மத்தியானம் 12 மணிக்கு ஊதறதை போலந்து வானொலி 1927-லேருந்து நேரடியா ஒலிபரப்புது. ஊதி முடிச்சதும் கீழ இருந்து கையாட்டுங்க, அவரும் கையாட்டுவார்.

உள்ளே போகாம மட்டும் வந்துடாதீங்க. வைட் ஷ்டோஸ்னு ஒரு ஜெர்மன் சிற்பி, 1477-லேருந்து 1489 வரைக்கும் 12 வருஷம் உட்கார்ந்து மரத்துல செதுக்கின பலிபீடம் இருக்கு. ஏறக்குறைய 13 மீட்டர் உயரம். போர் வரப்போகுதுன்னு கழட்டி ஒளிச்சு வச்சாங்க. நாஜிகள் தேடிப் பிடிச்சு நியூரம்பெர்க்குக் கொண்டு போயிட்டாங்க. 1946-ல திரும்பி வந்தது. வழக்கமா காலையில 11:50-க்குத்தான் அதோட கதவுகளைத் திறப்பாங்க. நான் முதல் தடவை போனப்போ இது தெரியாம பத்து மணிக்கே போயி, மூடின கதவைப் பார்த்துட்டு, இவ்வளவுதானான்னு வெளிய வந்துட்டேன். அதனால 11:30-க்கே டிக்கெட் வாங்கிட்டு உள்ளே உட்காருங்க. அம்மா காலுக்கும் ஓய்வு.

வாவெலுக்கு ஒரு மத்தியானம் ஒதுக்குங்க. குன்றுதான், ஆனா சரிவுப் பாதையில மெதுவா ஏறிடலாம். கதீட்ரல்ல ராஜாக்கள் கல்லறை இருக்கு. ஜிக்முந்த் மணி 1520-ல வார்த்தது, ஆனா அதைப் பார்க்க மரப்படி ஏறணும். அம்மா கீழயே இருக்கட்டும். கீழ ஆத்தங்கரையில நெருப்பு கக்கற டிராகன் சிலை இருக்கு, குழந்தைங்க கூட்டம் அங்கதான். டா வின்சி வரைஞ்ச, கையில கீரிப்பிள்ளை மாதிரி ஒண்ணை வச்சிருக்கற பொண்ணு ஓவியம் கோட்டையில இல்ல, சார்தோரிஸ்கி மியூசியத்துல. இது நிறைய பேர் குழம்பற விஷயம்.

ரெண்டாம் நாள் காஷிமியெஷ். இங்கதான் நான் முதல்ல சொன்னதைத் திருத்தணும். கட்டடம் தப்பிச்சதுன்னு சொன்னேனில்ல, மனுஷங்க தப்பிக்கலை. போருக்கு முன்னாடி ஊர்ல ஏறத்தாழ நாலுல ஒருத்தர் யூதர். காஷிமியெஷ்தான் அவங்க பேட்டை. ஜெப ஆலயங்கள் அப்படியே நிக்குது, ரெமு கல்லறைத் தோட்டம் இருக்கு, கும்பிட ஆள்தான் ரொம்பக் கொஞ்சம். நாஜிகள் யூதர்களை அடைச்சு வச்ச பகுதியைக் கெட்டோன்னு சொல்வாங்க; நிறைய பேர் இதையே அந்தக் கெட்டோன்னு நினைச்சுட்டுப் போயிடறாங்க. 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்'ங்கற பிரபலமான ஹாலிவுட் படத்துக்குக் கெட்டோ காட்சிகளை இங்க எடுத்ததால வந்த குழப்பம். நிஜ கெட்டோ விஸ்துலா ஆத்துக்கு அந்தப் பக்கம், போட்குஷேயில. 1941 மார்ச்ல அடைச்சாங்க, 1943 மார்ச்ல காலி பண்ணினாங்க. அங்க இருக்கற சதுக்கத்துல வெறும் இரும்பு நாற்காலிகளை இடைவெளி விட்டு நிறுத்தியிருக்காங்க. வெளியேத்தினவங்க விட்டுட்டுப் போன தட்டுமுட்டு சாமானோட ஞாபகமா. பக்கத்து லிவோவ்ஸ்கா தெருவுல கெட்டோ சுவர்ல ஒரு துண்டு இன்னும் நிக்குது. மேல் விளிம்பை யூதக் கல்லறைக் கல்லு மாதிரி வளைச்சுக் கட்டியிருப்பாங்க, வேணும்னே. தன்கிட்ட வேலை பார்த்த யூதர்களைக் காப்பாத்தின ஷிண்ட்லரோட தொழிற்சாலை இப்போ மியூசியம், அதுவும் நடக்கற தூரம்தான். அதுக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுத்துடுங்க.

எதை விடலாம்னு கேட்டீங்களே. வியெலிச்கா உப்புச் சுரங்கத்தை இந்தத் தடவை விட்டுடுங்க. அற்புதமான இடம், பூமிக்கு 101 மீட்டர் கீழ உப்புலயே செதுக்கின தேவாலயம் இருக்கு. ஆனா ஆரம்பத்துலயே 380 படி இறங்கணும், மொத்தம் 800 படி. மேல வர லிஃப்ட் இருக்கறது உண்மைதான், ஆனா முட்டி வலிக்காரங்களுக்கு இறங்கறதுதானே கஷ்டம்? நாஜிகளோட கொலை முகாமா இருந்த ஆஷ்விட்ஸும் இந்த ரெண்டு நாளுக்குள்ள வேண்டாம். போக வர, பார்க்கன்னு ஒரு முழு நாள் போயிடும். அதைப் பார்த்துட்டு வந்த சாயங்காலம் டிராகன் சிலைகிட்ட போட்டோ எடுக்க மனசு வராது.

அம்மாவுக்குப் பசிச்சா தெருமுனை வண்டியில ஒப்வஜானெக்னு முறுக்கின வளைய ரொட்டி விப்பாங்க, எள்ளு போட்டதை வாங்கிக் குடுங்க. சூடா இருக்கும்போதே சாப்பிடணும், சாயங்காலம் ஆனா ரப்பர். சரி, அடுத்த கேள்வி, போலந்து ரயில் டிக்கெட் பத்தி...