அலாய் வீல் வாங்கப் போகிறீர்களா? முதலில் தராசில் வையுங்கள்

[காட்சி: பஞ்சர் கடைத் தண்ணீர்த் தொட்டி. மூழ்கியிருக்கும் சக்கரத்தின் உள்விளிம்பிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழ்கள்.]

நன்றாகப் பாருங்கள். குமிழ் டயரிலிருந்து வரவில்லை, ரிம்மிலிருந்து வருகிறது. உள்பக்கத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல். போன மழையில் தண்ணீர் நிறைந்த பள்ளம் தெரியாமல் காரை இறக்கிவிட்டேன். டயர் தப்பித்தது, ரிம் போனது. "ஸ்டீல் ரிம்மா இருந்தா பெண்டு எடுத்துக் குடுத்திருப்பேன் தம்பி. இது கீறிடுச்சே" என்றார் கடைக்கார அண்ணன்.

[காட்சி: டயர் பக்கவாட்டில் உள்ள எண்கள்.]

காரோடு வந்தது 185/65 ஆர்15 டயர், ஸ்டீல் ரிம். நான் மாற்றியது 195/55 ஆர்16, அலாய், அதாவது அலுமினியக் கலவை ரிம். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 65 என்றால் டயரின் அகலத்தில் 65 சதவீதம் பக்கச்சுவரின் உயரம். கணக்குப் போட்டால் பழையதில் 120 மில்லிமீட்டர், புதியதில் 107. சக்கரத்தின் மொத்த உயரம் இரண்டிலும் 62 சென்டிமீட்டர்தான், அதனால் ஸ்பீடோமீட்டர் மாறாது. ரிம் பெரிதான அளவுக்கு ரப்பர் மெத்தை குறைந்துவிட்டது. பள்ளத்தின் அடி நேராக ரிம்முக்குப் போனது அப்படித்தான்.

பலன் இல்லாமல் இல்லை. பக்கச்சுவர் குட்டையானால் வளைவில் டயர் குழையாது, ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் வண்டி திரும்பும். அதை நான் ரசித்தேன்.

[காட்சி: தலைகீழாக நிறுத்திய சைக்கிள். முன்சக்கரத்தில் எதிரெதிராகக் கட்டிய இரண்டு போல்ட்டு.]

அப்புறம் எடை. போல்ட்டு இரண்டும் இப்போது நடு ஹப்புக்குப் பக்கத்தில் இருக்கின்றன. விரலால் தள்ளினால் சக்கரம் சட்டென்று சுற்றுகிறது. அதே போல்ட்டுகளை ரிம் ஓரத்துக்கு நகர்த்திவிட்டுத் தள்ளுகிறேன். கை அழுத்தம் கூடுகிறது, நிறுத்தும்போதும் திமிறுகிறது. எடை ஒரு கிராம்கூட ஏறவில்லை, இடம்தான் மாறியது. காரிலும் இதே கதைதான். டயர் ஓரத்தில் ஏறும் 1 கிலோ, வேகமெடுக்கும்போது டிக்கியில் ஏற்றிய 2 கிலோ போல இழுக்கும். ரிம் விளிம்பு கொஞ்சம் உள்ளே இருப்பதால் அங்கே ஏறும் 1 கிலோ ஏறக்குறைய 1.4 கிலோ.

இன்னொன்றும் உண்டு. சக்கரத்தின் எடையை ஸ்பிரிங் தாங்குவதில்லை. மேடுபள்ளத்தில் கனமான சக்கரம் எகிறினால் ஷாக் அப்சார்பர் அதை அடக்கத் திணறும். அந்த நேரத்தில் டயரின் பிடியும் குறையும்.

சரி, அலாய் என்றாலே லேசுதானே? இல்லை. ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம், ஸ்டீல் 7.8 கிராமுக்கு மேல். ஆனால் அலுமினியத்துக்கு அந்த பலம் கிடையாது, அதனால் தடிமனாக வார்க்கிறார்கள். உருக்கி அச்சில் ஊற்றிய மலிவான 16 அங்குல அலாய், 15 அங்குல ஸ்டீலைவிடக் கனமாகவே இருக்கலாம். அடி விழுந்தால் ஸ்டீல் வளையும், வார்ப்பு அலாய் விரிசல் விடும். ஃபோர்ஜிங் முறையில் அலுமினியக் கட்டியைப் பிரம்மாண்ட பிரஸ்ஸில் அழுத்திச் செய்வார்கள். உலோகம் நெருங்கி இறுகுவதால் மெலிதாகவும் உறுதியாகவும் வரும், விலைதான் எட்டாது.

வடிவத்துக்கும் வேலை உண்டு. ஸ்போக் இடைவெளி அகலமாக இருந்தால் பிரேக்குக்குக் காற்று போகும். ஆனால் காற்றுத் தடை கூடும். டெஸ்லா மாடல் 3 சக்கரத்தை பிளாஸ்டிக் மூடி போட்டு மூடுவது இந்தத் தடையைக் குறைத்து, ஒரே சார்ஜில் கூடுதல் தூரம் ஓட்டத்தான்.

[காட்சி: தராசு. ஒரு பக்கம் பழைய ஸ்டீல் ரிம், கையில் புது அலாய்.]

இந்த முறை கடையில் டிசைனைப் பார்ப்பதற்கு முன்பே தராசு கேட்டேன். ரிம் எவ்வளவு சுமை தாங்கும் என்று பின்பக்கம் பொறித்திருந்த அளவையும் படித்தேன். நான்கு டிசைன் தூக்கிப் பார்த்ததில் மூன்று என் பழைய ஸ்டீலைவிடக் கனம். நான்காவதை 15 அங்குலத்திலேயே மாட்டச் சொல்லிவிட்டேன்.