குளூட்டனை நிறுத்தினால் வயிறு சுகப்படுமா?

[திரையில்: சீனக்குடா, மாவாலை, பின்னால் கடல்]

வணக்கம். இலங்கையில் கோதுமை விளைவதில்லை. கப்பலில் வருகிற கோதுமையை அரைக்கும் பிரீமா ஆலை எங்கள் திருகோணமலையில், சீனக்குடாவில் இருக்கிறது. காலையில் பாண், பின்னேரம் றோல்ஸ், இரவில் கொத்து என்று கோதுமை மா இல்லாத நாளே நமக்குக் குறைவு. அதனால்தான் இந்தக் கேள்வி இங்கே அடிக்கடி வருகிறது: "குளூட்டனை விட்டால் வயிற்று ஊதல் போகுமாமே, உண்மையா?"

குளூட்டன் என்ன என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

[திரையில்: தண்ணீருக்குள் பிசையப்படும் மா உருண்டை]

கோதுமை மாவைக் குழைத்து, உருண்டையைத் தண்ணீரில் பிசைந்து கழுவுங்கள். மாப்பொருள் வெள்ளையாகக் கரைந்து போய்விடும். கையில் மிஞ்சுகிற, றப்பர் போல இழுபடும் புரதம்தான் குளூட்டன். பராட்டாவைக் கிழியாமல் வீச முடிவதும் பாண் பொங்கி நிற்பதும் இதனால்தான். பார்லியிலும் இதே வகைப் புரதம் உண்டு. அரிசி, குரக்கன், சோளம், உளுந்து இவற்றில் இல்லை.

சிலருக்கு இது உண்மையிலேயே கெடுதல் செய்யும். சீலியாக் நோய் உள்ளவர்கள் குளூட்டன் சாப்பிட்டால், அவர்களின் நோய் எதிர்ப்புச் சக்தி சிறுகுடலில் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற சடைமுளைகளையே தாக்குகிறது. சத்து உறிஞ்சப்படாது. வயிற்றோட்டம், ஊதல், இரும்புச்சத்துக் குளிசை போட்டும் மாறாத இரத்தசோகை, பிள்ளை வளராமல் நிற்பது என்று பல விதமாக இது வெளிப்படும். உலகில் 100 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு இருக்கிறது.

இந்த நோய்க்குக் கோதுமைதான் காரணம் என்று கண்டறிந்ததில் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கேயின் பங்கு பெரியது. கோதுமையில் அவருக்கு முன்பே சந்தேகம் இருந்தது. 1944–45 போர்க்காலப் பஞ்சத்தில் பாண் கிடைக்காமல் போனது. இந்த நோயுள்ள பிள்ளைகளோ தேறினார்கள். பாண் திரும்பி வந்தது, நோயும் திரும்பியது. 1950இல் அதை ஆய்வேடாகவே எழுதினார். இவர்களுக்குக் குளூட்டனை முழுதாக, வாழ்நாள் முழுக்க விடுவதுதான் வைத்தியம்.

சரி, மற்றவர்களுக்கு? பாணை நிறுத்தினேன், வயிறு இலேசாகிவிட்டது என்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் காரணம் வேறாக இருக்கலாம். நோர்வேயில் நடத்தி 2018இல் வெளியான ஓர் ஆய்வில், சீலியாக் இல்லாமலே குளூட்டனைத் தவிர்த்து வந்த 59 பேருக்கு, எது எதில் என்று சொல்லாமல், குளூட்டன், பிரக்டான், இரண்டுமில்லாதது என மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். கூடுதலாக ஊதவைத்தது பிரக்டான். அது கோதுமையில் இருக்கிற ஒரு வகை மாச்சத்து. வெங்காயத்திலும் உள்ளியிலும் லீக்ஸிலும் இருக்கிறது. இப்போது கொத்து றொட்டியை நினைத்துப் பாருங்கள்: கோதுமை, வெங்காயம், லீக்ஸ், எண்ணெய், அதுவும் இரவு பத்து மணிக்கு. பழியைக் குளூட்டன் மேல் மட்டும் போட முடியுமா?

குளூட்டனை விடுவது இதயத்துக்கு நல்லது என்பதற்கும் ஆதாரம் இல்லை. அமெரிக்காவில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் கவனித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், குளூட்டனைக் குறைத்தவர்களுக்கு மாரடைப்பு குறையவில்லை.

பாணுக்குப் பதிலாகத் தம்பலகாமத்துச் சிவப்பரிசிச் சோறும் குரக்கன் பிட்டும் சாப்பிட்டால் நன்மைதான், நார்ச்சத்து கூடும். வெள்ளை அரிசி மா இடியப்பத்துக்கு மாறினால் பெரிதாக ஒன்றும் மாறாது. விலை கூடிய "குளூட்டன் இல்லாத" பிஸ்கட்டிலும் சீனி சீனிதான்.

இந்த வீடியோவில் ஒன்றை மட்டும் கேட்பதென்றால் இதைக் கேளுங்கள். சீலியாக் என்று சந்தேகம் இருந்தால் கோதுமையை நிறுத்த முன்னம் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நிறுத்திவிட்டுப் போனால், இரத்தத்தில் இந்த நோயைக் காட்டும் பிறபொருளெதிரிகள் குறைந்து, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். அம்மா, அப்பா, சகோதரர்களில் ஒருவருக்கு இருந்தால் கட்டாயம் பாருங்கள்.

[திரையில்: கடை அலுமாரி, லேபல்கள்]

நோய் உறுதியானால் ஒளிந்திருக்கும் குளூட்டனைத் தேட வேண்டும். சோயா சோஸ், பெருங்காயத் தூள், மோல்ட் பானங்கள், ரவை, சேமியா. எங்கள் பக்கத்துத் தோசை மாவில் கோதுமை மா கலப்பதும் உண்டு. கடையில் இடியப்பம் வாங்கும்போது தனி அரிசி மாவா என்று கேளுங்கள். றொட்டி சுட்ட அதே கல்லில் சுட்டது வேண்டாம் என்றும் சொல்லுங்கள். ஒட்டியிருக்கும் கொஞ்ச மாவே போதும், குடல் மறுபடி புண்படும்.