கனவு வராத ஸ்லேயர்

நண்பர்களே, வணக்கம்.

'பஃபி த வாம்பயர் ஸ்லேயர்' தொடரை ரசித்துப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். 1997 முதல் 2003 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் 144 எபிசோடுகள் ஓடிய தொடர். ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்தான் ஸ்லேயர்; பஃபி அப்படி ஒருத்தி. அதிலிருந்து கிளைத்த 'ஃப்ரே' என்ற காமிக்ஸைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன். தொடரை உருவாக்கிய ஜாஸ் வீடனே எழுதினார், கார்ல் மோலின் வரைந்தார், டார்க் ஹார்ஸ் வெளியிட்டது. 2001இல் தொடங்கி, நடுவில் நின்று, 2003இல் முடிந்த எட்டே இதழ்கள்.

கதை இருபத்து மூன்றாம் நூற்றாண்டு மன்ஹாட்டனில் நடக்கிறது. பறக்கும் கார்கள் வந்துவிட்டன. ஏழைகள் மட்டும் அடுக்குகளின் அடியில் கிடக்கிறார்கள். ரத்தக்காட்டேரி என்ற நினைப்பே மக்களிடம் இல்லை, அவற்றை 'லர்க்' என்கிறார்கள். மெலாக்கா ஃப்ரே ஒரு திருடி. அவள் அக்கா எரின் போலீஸ். ஒருநாள் யாரோ ஒருவர் மெலாக்காவைத் தேடி வந்து, 'நீதான் தேர்ந்தெடுக்கப்பட்டவள்' என்று சொல்லிவிட்டு, அவள் கண்ணெதிரிலேயே தீக்குளிக்கிறார். அவர் சேர்ந்திருந்த, ஸ்லேயர்களுக்கு வழிகாட்டும் வாட்ச்சர்கள் என்ற அமைப்பு இருநூறு வருடத்தில் எந்த நிலைக்கு வந்துவிட்டது என்பதை அந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது. அப்புறம் அவளுக்குப் பயிற்சி கொடுக்க வருவது அர்கான் என்ற அரக்கன்!

என்னை உலுக்கியது வேறு. தொலைக்காட்சித் தொடரில் ஸ்லேயருக்குப் பலத்தோடு கனவுகளும் வரும். முன்னால் வாழ்ந்த ஸ்லேயர்களின் நினைவுகள் அவை. மெலாக்காவுக்குப் பலம் மட்டும்தான் வந்தது. கனவுகள் அவளோடு இரட்டையாகப் பிறந்த தம்பி ஹார்த்துக்குப் போய்விட்டன. ஒரு திருட்டின்போது இக்காரஸ் என்ற லர்க் ஹார்த்தைக் கடிக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்பது கனவுகளால் அவனுக்குத் தெரியும். அதன் ரத்தத்தைத் திரும்பக் குடித்து, தானும் ஒன்றாகிவிடுகிறான். செத்துப்போனான் என்று அக்காமார் இருவரும் அழுத தம்பிதான் பின்னால் அத்தனை லர்க்குகளுக்கும் தலைவனாக வந்து நிற்கிறான்.

வழிவழியாக வந்த அறிவு முழுவதும் எதிரியிடம் இருக்கிறது. இவளிடம் இருப்பது கை பலமும் கோபமும்தான். அவள் சண்டைக்கு இறங்குவதே பாசம் வைத்த சிறுமி லூ கொல்லப்பட்ட பிறகு. அந்தக் கொலையைச் செய்தது அர்கான், இவளைப் போருக்குத் தள்ளுவதற்காக. உண்மை தெரிந்ததும் தன் ஆசானைத் தானே கொல்கிறாள். விதி சொன்னதால் ஒருத்தி வீராங்கனை ஆகும் கதைகளை நிறையப் படித்திருக்கிறோம்; இவள் தன் தெருவுக்காக ஆகிறாள். மூலத் தொடரில்கூட இந்த அளவு துணிச்சலை நான் பார்க்கவில்லை.

மெலாக்காவின் கையில் இருக்கும் சிவப்புக் கோடரியை நினைவில் வையுங்கள். அது முதலில் வந்தது இந்தக் காமிக்ஸில்தான். தொடரின் கடைசி எபிசோடுகளில் பஃபி பாறையிலிருந்து உருவுவது அதே ஆயுதம். கிளையிலிருந்து மூலத்துக்குப் போன பொருள் அது.

2008இல், 'சீசன் எட்டு' காமிக்ஸில் பஃபி எதிர்காலத்துக்கு வருகிறாள், இருவரும் சந்திக்கிறார்கள். பஃபி ஊர் திரும்பினால் தன் உலகமே இல்லாமல் போய்விடுமோ என்று பயந்து மெலாக்கா அவளோடு மோதுகிறாள். அந்த இதழ்களைத் தயவுசெய்து முதலில் எடுக்காதீர்கள். எட்டு இதழ்களையும் வரிசையாக முடித்துவிட்டுப் போனால்தான், மெலாக்கா எதற்காக அப்படிப் பயப்படுகிறாள் என்பது உங்களுக்கு உறைக்கும்.