மானி என்றால் யார்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த நேரத்திலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் மஞ்சக்குப்பத்துப் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'கவிதை நெஞ்சில் நிற்பது சொல்லைத் துருவிப் படிப்பதாலா, துருவாமல் உணர்வதாலா?' என்பது தலைப்பு. துருவிப் படிப்பதால்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

பூவைப் பிய்த்துப் பார்த்தால் மணம் போய்விடும் என்றார் எதிரணித் தலைவர். சொல்லின் பொருள் காலந்தோறும் மாறுகிறது, ஆகவே இன்று நமக்குத் தோன்றுவதே பொருள் என்றும் சொன்னார். அதற்குத் தொல்காப்பியரையே சாட்சிக்கு அழைத்தார்: 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே.'

ஐயா, அந்த வரியின் முதல் சொல்லையே எடுத்துக்கொள்வோம். கடி. இன்றைக்குப் பிள்ளைகளைக் கேட்டால் நாய்க்கடி, கொசுக்கடி என்பார்கள். அந்தப் பொருளோடு இந்த வரிக்குள் நுழைய முடியுமா? காலப்போக்கில் வழக்கில் வந்துவிட்ட எந்தச் சொல்லையும் விலக்க வேண்டாம் என்கிறார் அவர். இங்கே கடி என்றால் விலக்குதல். அதே தொல்காப்பியர் தம் நூலின் உரியியல் என்ற பகுதியில் கூர்மை, காப்பு, புதுமை, விரைவு, அச்சம் என்று இந்த ஒரு சொல்லுக்கு 10 பொருள் அடுக்குகிறார். அடுத்த நூற்பாவில் இன்னும் 2 சேர்க்கிறார். 12 பொருளில் எது இந்த இடத்துக்கு உரியது என்று நின்று தேடினால்தான் உங்கள் சாட்சியே வாய் திறப்பார். தவிர, புதுச் சொல் வரட்டும் என்றுதான் அவர் கதவைத் திறந்தார். பழைய பாட்டின் மேல் புதுப் பொருளை ஏற்றச் சொல்லவில்லை.

பொருள் மாறும் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. 'மாடல்ல மற்றை யவை' என்ற குறளில் மாடு என்றால் செல்வம். 'கழகத்துக் காலை புகின்' என்ற குறளில் கழகம் என்றால் சூதாடும் இடம். மாறுகிறது என்பதற்காகத்தான் கவனமாகப் படிக்கச் சொல்கிறேன்.

சரி, நம் மாவட்டத்துப் பாட்டு ஒன்றுக்கு வருகிறேன். மருதூரில் பிறந்து வடலூரில் அடுப்பு மூட்டிய வள்ளலார் பாடியது.

'வாடிய பயிரைக் கண்டபோ தெல்லாம் வாடினேன் பசியினால் இளைத்தே
வீடுதோ றிரந்தும் பசியறா தயர்ந்த வெற்றரைக் கண்டுளம் பதைத்தேன்
நீடிய பிணியால் வருந்துகின் றோர்என் நேருறக் கண்டுளந் துடித்தேன்
ஈடின்மா னிகளாய் ஏழைக ளாய்நெஞ் சிளைத்தவர் தமைக்கண்டே இளைத்தேன்.'

முதல் வரி தெரியாதவர் இங்கே யாரும் இல்லை. ஆனால் 'வாடிய' என்ற சொல்லில் நின்றிருக்கிறோமா? வயல்காட்டில் பயிர் வாடுவது வேறு, கருகுவது வேறு. கருகிய பயிருக்கு நீர் பாய்ச்சிப் பயனில்லை. வாடிய பயிர் தண்ணீர் கண்டால் நிமிரும். அவர் கருகிய பயிரைப் பாடவில்லை. இன்னும் காப்பாற்றக்கூடிய உயிரைப் பாடினார். பசித்தவருக்குச் சோறு போட 1867-இல் தருமசாலை தொடங்கியவரின் சொல் அது.

அப்புறம் 'வெற்றர்'. நம் பேச்சில் வெத்து ஆள் என்றால் ஏளனம். அவரிடம் அது கையில் ஒன்றுமில்லாத மனிதர், அவ்வளவுதான். ஒரு துளி இளக்காரம் கிடையாது.

இனி இளைத்தல். பசியினால் இளைத்தவர் இரண்டாவது வரியில் வீடு வீடாகப் போய்க் கேட்கிறார். அங்கே இளைத்தது உடம்பு. கடைசி வரியில் இளைப்பது நெஞ்சு. ஒரே சொல், நான்கு வரிக்குள் உடம்பிலிருந்து நெஞ்சுக்கு நகர்ந்துவிடுகிறது! ஏன் நகர்ந்தது? அதற்கான சாவி, 'ஈடின்மா னிகளாய்' என்பதற்குள் இருக்கும் 'மானி'. இன்றைய மாணவருக்கு மானி என்றால் வெப்பமானி, அழுத்தமானி. அளக்கும் கருவி. இந்தப் பாட்டில் மானி என்றால் மானம் உள்ளவர். இரண்டாவது வரியில் வருபவர் இரந்தவர். நான்காவது வரியில் வருபவர் பட்டினி கிடந்தும் வாய் திறந்து கேட்காதவர். இரந்தவரைக் கண்டு அவர் பதைத்தார், நோயாளியைக் கண்டு துடித்தார். கேட்காதவரைக் கண்டபோது மட்டும், பயிரைக் கண்டு வாடியதுபோல், அவர்களுக்கு நேர்ந்த அதே சொல்லைத் தன் மேல் போட்டுக்கொண்டார்: இளைத்தவரைக் கண்டு இளைத்தேன். இதைப் பார்த்த பிறகு எந்த மணம் போய்விட்டது, சொல்லுங்கள்? எனக்கு இந்தப் பாட்டு கனத்தது இந்தச் சொற்களில் நின்ற பிறகுதான்.

'தைப்பூசத்துக்கு வடலூர் போகும் பாட்டி அகராதி பார்த்தா பாடுகிறாள்?' என்று எதிரணியில் ஒரு சகோதரி கேட்டார். நல்ல கேள்வி. என் அப்பாயி குறிஞ்சிப்பாடிப் பக்கம். எழுதப் படிக்கத் தெரியாது. கல்லூரியில் படிக்கும்போது அவரிடம் இந்த வரியைச் சொல்லி, "மானின்னா என்ன அப்பாயி?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "கை நீட்டாதவங்கடா. அவங்க வீட்டுக்குச் சோறு கொண்டு போனா, இருட்டுனப்புறம் கொல்லைப் பக்கமாப் போகணும்" என்றார்.

நடுவர் அவர்களே, அவரும் எங்கள் அணிதான். நன்றி, வணக்கம்.