முதலில் ஆளைப் பாருங்கள், அப்புறம் கதவின் நிறத்தை

நேயர்களுக்கு வணக்கம். வீடு கட்டியவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, சமையலறை அலமாரி வேலை எப்போதும் கடைசியில்தான் வரும். அதற்குள் அஸ்திவாரம், கம்பி, டைல்ஸ், பெயிண்ட் எல்லாமாகச் சேர்ந்து கைக்காசைக் கரைத்திருக்கும். வங்கிக் கடனின் கடைசித் தவணையும் வந்த வேகத்தில் போயிருக்கும். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாயிற்று. அந்த நெருக்கடியில்தான் ஷோரூமுக்குள் நுழைகிறோம். பளபளவென்று சிவப்புக் கதவு, விரல் பட்டாலே மெதுவாக மூடிக்கொள்ளும் டிராயர், மாதத் தவணையில் கட்டலாம் என்கிற இனிமையான குரல். கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

நான் கோவைப் பக்கம் கட்டட வேலை மேற்பார்வையில் பல வருஷம் இருந்தவள். தினமும் சமைக்கிறவளும்கூட. இந்தப் பேச்சில் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் பொருத்துகிற ஆளைப் பாருங்கள். அப்புறம் பெட்டியைப் பாருங்கள். கதவின் நிறம் கடைசி. பெட்டி என்றால், கதவைத் திறந்ததும் உள்ளே தெரிகிறதே, பக்கப் பலகை, அடிப்பலகை, நடுத்தட்டு, அதுதான். கடையில் கார்கஸ் என்பார்கள்.

நம் ஊரில் இந்த வேலைக்கு மூன்று வழி இருக்கிறது. பெரிய பெயருள்ள ஷோரூம் ஒன்று. பலகையை அறுக்கிற பேனல் சா, அறுத்த ஓரத்தில் பட்டி ஒட்டுகிற எட்ஜ் பேண்டிங் மெஷின் இரண்டையும் வைத்து, பெட்டியாக்கிக் கொடுக்கிற உள்ளூர்ப் பட்டறை இன்னொன்று. மூன்றாவது, வீட்டுக்கே வந்து பிளைவுட் வாங்கி வேலை செய்கிற ஆசாரி. மூன்றிலும் நல்ல வேலையும் பார்த்திருக்கிறேன், மோசமானதும் பார்த்திருக்கிறேன். ஷோரூமில் நம்மிடம் பேசுகிறவர் ஒருவர், அளவெடுக்க வருகிறவர் ஒருவர், பொருத்த வருகிறவர்கள் பெரும்பாலும் கான்ட்ராக்ட் பையன்கள். ஆக, ஷோரூமில் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை இல்லை. "எங்கள் வீட்டுக்கு வந்து மாட்டப்போவது யார்? அவர் இப்போது எந்த வீட்டில் வேலை செய்கிறார்? நான் போய்ப் பார்க்கலாமா?" இதைக் கேளுங்கள். முடிந்த வீட்டைக் காட்டுகிறேன் என்றால் போதாது. முடிந்த வீட்டில் எல்லாம் மூடியிருக்கும். நடந்துகொண்டிருக்கும் வேலையைப் பாருங்கள்.

அங்கே போய் எதைப் பார்ப்பது? ஸ்க்ரூவைப் பாருங்கள். நல்ல ஆள் முதலில் சின்னதாகத் துளை போடுவார், அப்புறம் ஸ்க்ரூவைத் திருப்பி இறக்குவார். அவசரக்காரர் ஸ்க்ரூவைச் சுத்தியலால் ஆணி மாதிரி அடித்து முக்கால்வாசி இறக்கிவிட்டு, கடைசி இரண்டு சுற்றை மட்டும் திருப்புவார். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் அடித்த ஸ்க்ரூ உள்ளே மரத்தைப் பிய்த்துக்கொண்டு போயிருக்கும், பிடிப்பு இருக்காது. கொஞ்ச நாளில் கீல் தளர்ந்து கதவு தொங்கும். "கீல் சரியில்லை, நல்ல கம்பெனி கீல் போட்டிருக்கலாம்" என்று நாம் கீலைத் திட்டுவோம். தப்பு சுத்தியலுடையது.

வடவள்ளிப் பக்கம் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். இதை நான் போகிற இடமெல்லாம் சொல்வேன், கேட்டவர்கள் மன்னிக்க. அந்த வீட்டம்மா கொஞ்சம் குள்ளம், ஐந்தடிக்கும் குறைவு. ஒரு கடையிலிருந்து பையன் வந்து லேசரை வைத்து எல்லாச் சுவரையும் அளந்து, கால் மணி நேரத்தில் கிளம்பிவிட்டான். அளவில் குறை சொல்ல முடியாது, சரியாகத்தான் எடுத்திருந்தான். மறுநாள் ஒரு ஆசாரி வந்தார். டேப்பை எடுக்கவே இல்லை. "அம்மா, கிரைண்டர் எங்கே வைக்கிறதுங்க?" என்று கேட்டார். அந்தம்மாவுக்கு ஒரே ஆச்சரியம், அதுவரை யாரும் கேட்காத கேள்வி. அப்புறம், "இப்படி நின்னு தோசை ஊத்துற மாதிரி கையைக் காட்டுங்கம்மா" என்றார். கையைத் தூக்கியதும் முழங்கைக்குத் தரையிலிருந்து என்ன உயரம் என்று பார்த்தார். மேடை அதற்கு நாலு விரற்கடையாவது கீழே இருக்க வேண்டும், அதற்கு மேலே அடுப்பு, அடுப்புக்கு மேலே தோசைக்கல் வருகிறது பாருங்கள். ஃபிளாட்டுகளில் வழக்கமாக 33, 34 அங்குலத்தில் மேடை கட்டிவிடுகிறார்கள். இவர் 31 போதும் என்றார்.

அதோடு விடவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். குடிக்கப் போகிறார் என்று நினைத்தோம். தரையில் மூலையோரமாக ஊற்றிவிட்டு, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்த்தார். பிறகு மூலைமட்டத்தை வைத்து, ஜன்னல் சுவர் அரை அங்குலம் வெளியே போயிருப்பதைக் காட்டினார். "இதை இப்பவே தெரிஞ்சுக்கணும்ங்க. இல்லைன்னா பொருத்துற அன்னைக்குப் பெட்டியை அறுப்பாங்க. அறுத்த இடத்துல பட்டி இருக்காது, தண்ணி அங்கதான் போகும்." சுவர்ப் பக்கம் ஒரு ஃபில்லர் பட்டி விட்டு அந்த அரை அங்குலத்தைச் சமாளித்தார்.

அவர் கேட்ட கூலி குறைவு இல்லை, மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடத்தான். கடைசியில் அந்த வீட்டில் என்ன செய்தோம் தெரியுமா? பெட்டிகளை ஒரு பட்டறையில் மெஷினில் அறுத்து, ஓரப் பட்டி ஒட்டி வாங்கினோம். பொருத்தும் வேலையை ஆசாரியிடம் கொடுத்தோம். ஷோரூம் சொன்ன தொகையைவிட நன்றாகவே குறைந்தது. இப்படிப் பிரித்துக் கொடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஏதாவது கோளாறு என்றால் பட்டறை ஆசாரியைச் சொல்லும், ஆசாரி பட்டறையைச் சொல்வார். அதற்கு ஒரே வழி, அளவெடுத்தவர் யாரோ அவரே பொறுப்பு என்று முதலிலேயே தாளில் எழுதிக்கொள்வது. அளவெடுத்தவர் கையெழுத்தும் அதில் இருக்கட்டும்.

அந்த ஆசாரி சொன்ன ஓரப் பட்டிக்கு வருகிறேன். பலகை எதுவானாலும், அதன் முகத்தில் லேமினேட் என்கிற மெல்லிய தகடு ஒட்டியிருப்பதால் தண்ணீர் அந்த வழியாக அவ்வளவு எளிதில் போகாது. போவதெல்லாம் ஓரத்தில்தான். சிங்குக்குக் கீழே குழாய்க்காக ஓட்டை போடுகிறார்களே, அந்த ஓட்டையின் வாயைத் தொட்டுப் பாருங்கள். சொரசொரவென்று ஒன்றும் பூசாத வெறும் மரமாக இருந்தால் கெட்டது. சிலிக்கான் தடவி அடைத்திருக்க வேண்டும். மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டாக இருந்தால் இந்த ஓட்டை வழியாகவே ஒரு மழைக்காலத்தில் ஊறிப் பொரி மாதிரி உப்பிவிடும். நம் வீடுகளில் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற பழக்கமும் இருக்கிறது. அதனால் பெட்டி நேராகத் தரையில் உட்காரக் கூடாது. நாலு அங்குலம் பிளாஸ்டிக் கால் வைத்து, முன்னால் கழற்றி மாட்டுகிற பட்டி போடச் சொல்லுங்கள்.

சரி, பணம் குறைவாக இருக்கிறது, எங்கே குறைப்பது? கதவில் குறையுங்கள். பளபளப்பான அக்ரிலிக், பியூ பெயிண்ட் எல்லாம் வேண்டாம், சாதாரண ஒரு மில்லிமீட்டர் லேமினேட் போதும். மேலே மாட்டுகிற அலமாரிக்கும் பெரிய சரக்கு தேவையில்லை, அங்கே தண்ணீர் போவதில்லை. சிங்குக்குக் கீழே மட்டும் கஞ்சத்தனம் கூடாது. அங்கே 710 பிளை, அல்லது பிவிசி பலகை, இல்லை மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூபிசி பலகை. 710 என்பது தண்ணீர் தாங்குகிற மெரைன் பிளைவுட்டுக்கான ஐஎஸ் எண், அதாவது இந்தியத் தர எண். சாதாரண பிளைக்கு 303. இன்னும் குறைக்க வேண்டுமா? நம் பாட்டிகாலக் கடப்பா கல் இருக்கிறது. மேடைக்குக் கீழே கடப்பாவில் தடுப்பும் தட்டும் போட்டுவிட்டு, முன்னால் கதவை மட்டும் மாட்டினால் கரையானும் வராது, ஊறவும் ஊறாது. இடம் கொஞ்சம் குறையும், டிராயர் போடுவது சிரமம், அவ்வளவுதான். இதைச் சொன்னால் ஷோரூம்காரர் முகத்தைச் சுளிப்பார். சுளிக்கட்டும்.

பிளைவுட்டைப் பற்றி ஒன்று. நல்ல பிளையில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் எண்ணும் உரிம எண்ணும் அச்சடித்திருக்கும். அந்த உரிம எண்ணை பிஐஎஸ் கேர் என்கிற செயலியில் போட்டால் உண்மையா பொய்யா என்று தெரிந்துவிடும். ஆனால் பலகையை அறுத்து லேமினேட் ஒட்டியபின் முத்திரை எங்கே இருக்கிறது? உள்ளே போய்விட்டது. அதனால் அறுப்பதற்கு முன்னால் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். போக முடியாதென்றால் முழுப் பலகையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பிளைவுட் கடை பில்லையும் கேளுங்கள். தயங்குகிற பட்டறையாக இருந்தால் வேறு இடம் பார்த்துவிடுங்கள்.

இதே மாதிரி ஸ்டீல் கூடைக்குக் காந்தம் வைத்துப் பார்க்கிறார்கள். ஒட்டவில்லை, அதனால் 304 என்கிற நல்ல ரக ஸ்டீல் என்று கடைக்காரர் சொல்வார். மலிவான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. காந்தத்தை நம்பாதீர்கள், பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள்.

இப்போது விலை. சதுர அடிக்கு இவ்வளவு என்பார்கள். கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். பத்தடி நீள மேடை, கீழ்ப்பகுதி இரண்டரை அடி உயரம், ஆக 25 சதுர அடி. ஒருவர் சதுர அடி 1,300 ரூபாய் என்கிறார். 32,500 ஆயிற்று. சந்தோஷம். அப்புறம் டிராயர் சேனல் தனி, கூடை தனி, கைப்பிடி தனி, வண்டி வாடகை தனி என்று 12,000 சேருகிறது. அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. மொத்தம் 52,510. இன்னொருவர் சதுர அடி 1,800 என்கிறார், எல்லாம் சேர்த்து, வரி உட்பட. 45,000. கேட்கும்போது எது மலிவாக இருந்தது, முடியும்போது எது மலிவு? அதனால் கடைக்காரர் தாளை நம்பி ஒப்பிடாதீர்கள். நீங்களே ஒரு தாளில் எழுதுங்கள்: எத்தனை பெட்டி, எத்தனை டிராயர், எந்தப் பலகை, எத்தனை மில்லிமீட்டர், எந்தக் கீல், கதவுக்குள்ளே என்ன ஒட்டுவீர்கள். அதே தாளை மூன்று பேரிடமும் கொடுத்து மொத்தத் தொகை கேளுங்கள். சதுர அடி பேச்சே வேண்டாம்.

ஒரு சின்னக் கிளைக்கதை. இந்த மாதிரி அலமாரி பொருத்திய சமையலறைக்கு மூதாதை, 1926-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்தில் வந்தது. வடிவமைத்தவர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்கிற வியன்னாக்காரப் பெண். நகராட்சி கட்டிய குறைந்த செலவு வீடுகளுக்காக, சுமார் பத்தாயிரம் வீடுகளில் போட்டார்கள். இரண்டு மீட்டருக்கும் குறைவான அகலம். அதிலே மாவு வைக்கிற பெட்டியை மட்டும் ஓக் மரத்தில் செய்தார், புழு வராமல் இருக்க. காசு எங்கே போக வேண்டுமோ அங்கே மட்டும் போயிற்று. அன்றைக்குச் சிக்கனத்துக்காகப் பிறந்ததை இன்றைக்கு ஆடம்பரமாக நமக்கு விற்கிறார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன், ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிறது என்று விரலைக் காட்டுகிறார்கள்.

அட்வான்ஸ். பெட்டிகள் வீட்டுக்கு வந்து இறங்கும்வரை பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். கடைசிப் பத்து சதவீதத்தைக் கையில் வைத்திருங்கள். அதைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை. சிங்குக்குக் கீழே பழைய செய்தித்தாளை விரியுங்கள். சிங்கை வாய்வரை தண்ணீர் நிரப்பி, அடைப்பை ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். தாள் ஒரு சொட்டுக்கூட நனையக் கூடாது. எல்லாக் கதவையும் டிராயரையும் அவர் முன்னாலேயே திறந்து மூடிப் பாருங்கள்.

சிலிண்டரைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், நேரமில்லை. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழே தேங்கும். அதனால் சிலிண்டரை மூடிய அலமாரிக்குள் அடைக்கச் சொல்லி யாராவது படம் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கதவு வேண்டும் என்றால் தரையோரமாகக் காற்று போகிற திறப்பு இருக்க வேண்டும். கிரைண்டருக்குக் கடப்பா தட்டும் பக்கத்திலேயே பிளக்கும் வேண்டும். சிம்னி பற்றிப் பேச இன்னொரு நாள் கூப்பிடுங்கள்.

பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், கொடுத்த பணம் ஐந்து லட்சம்வரை என்றால் கட்டணம் கிடையாது. எண்ணை இன்னொரு தடவை சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்: ஒன்று, ஒன்பது, ஒன்று, ஐந்து. வணக்கம்.